குறை சொல்பவர் பகைவர் அல்லர்

ஒரு சிறிய நெல் ஆலையை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். இடம்பெயர்ந்து வந்த இருபது குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, கொஞ்சம் கடனும் கொஞ்சம் உதவியும் பெற்று நடத்துகின்ற ஆலை அது. ஒரு முகாமையாளர், இயந்திரத்தைப் பார்க்க ஒருவர், நெல் அவிக்கவும் காயவிடவும் நாட்கூலிக்கு ஆறு பெண்கள். மாரி தொடங்கிவிட்டது. ஒரு நாள் வெயில் எறித்தால் இரண்டு நாள் எறிப்பதில்லை. களத்தில் நெல்லைத் துழாவிக் கொண்டிருக்கும் ஓர் அம்மா நாலு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார்.

"தம்பி, நெல்லு இன்னும் காயேல்லைப் போல கிடக்கு. இன்னும் ஒரு வெயில் காட்டினால் நல்லது."

"அடுத்த நெல்லுக்குக் களம் வேணும் அக்கா. நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா வாயை மூடிக் கொண்டார். அன்றைய நெல் ஒருவாறு தப்பியது. அடுத்த மாதமும் அதே நிலை வந்தது. இம்முறை அந்த அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, மற்ற ஐவரும் ஒன்றும் சொல்லவில்லை. நெல் மூடையில் ஏறியது. மூன்று கிழமை கழித்து மூடையை அவிழ்த்தபோது சூடும் மணமும் முகத்தில் அடித்தன. நெல் பூஞ்சணம் பிடித்திருந்தது. "இவ்வளவு பேர் நின்றும் ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்று முகாமையாளர் தலையில் கை வைத்தார்.

இது எந்த ஓர் ஆலையினதும் கதையல்ல. ஆனால் சங்கம், கடை, பண்ணை, பால் சேகரிக்கும் நிலையம் என்று எங்கு வேலை செய்தவராயினும், "இது எங்கட இடத்துக் கதை" என்று சொல்லக் கூடிய கதை. சேமிக்கும் நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது என்பது கமக்காரர் அறிந்த விதி. ஈரத்தை அளக்கும் கருவி இல்லாத இடத்தில் அனுபவமுள்ள பல்லே கருவி. அந்தக் கருவி ஆலையில் இருந்தது. அது சொன்னதைக் கேட்கும் காதுதான் இருக்கவில்லை.

ஏன் வாய் திறப்பதில்லை?

"எங்கட சனம் முன்னுக்குச் சொல்லாது, பின்னுக்குத்தான் கதைக்கும்" என்று தலைவர்கள் குறைப்படுவதுண்டு. இது முழு உண்மையல்ல. மனிதர் காரணமின்றி மௌனமாக இருப்பதில்லை.

முதலாவது காரணம் வயிறு. நாட்கூலிக்கு நிற்பவருக்கு நாளைக்கும் வேலை வேண்டும். சொந்தக் காணி இருந்தவர் கோபித்துக் கொண்டு தன் வயலுக்குத் திரும்பலாம். காணியை விட்டு வந்தவர் எங்கே திரும்புவார்? இரண்டாவது, "வந்தான் வரத்தான்" என்ற சொல். வந்த இடத்தில் குறை சொன்னால் "இருக்க இடம் கொடுத்தது பிழை" என்ற பேச்சு வரும் என்ற கூச்சம். மூன்றாவது, முன்பு ஒருமுறை சொல்லி ஒன்றும் நடவாத அனுபவம். இரண்டு தரம் சொல்லிப் பயன் காணாதவர் மூன்றாம் தரம் சொல்லமாட்டார். நான்காவது, வயது, சாதி, ஆண் பெண் என்ற வேறுபாடு. இளையவர் மூத்தவரிடமும், பெண்கள் ஆண்கள் நிறைந்த கூட்டத்திலும் சொல்லத் தயங்குகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று உண்டு. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்த காலம் எமக்கு ஒரு பாடத்தைப் படிப்பித்தது: கண்டதைக் காணாதது போல் இரு, கேட்டதைக் கேளாதது போல் இரு. அந்தப் பாடம் பலருடைய உயிரைக் காத்தது. அதற்காக எவரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் உயிரைக் காத்த அதே மௌனம், பலர் சேர்ந்து நடத்தும் தொழிலை அழித்துவிடும். பயத்தில் பழகிய வாய் தானாகத் திறக்காது. அது திறப்பதற்கான சூழலை, அதிகாரத்தில் இருப்பவர்தான் முதலில் உண்டாக்க வேண்டும். இக்கட்டுரை சொல்ல விரும்பும் ஒரே விடயம் இதுவே.

எருசலேமில் எழுந்த முறைப்பாடு

திருத்தூதர் பணி நூலின் 6ஆம் அதிகாரத்தில், நிவாரணம் வாங்கி வாழ்ந்த எவருக்கும் உடனே விளங்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. எருசலேமில் ஆதித் திருச்சபை நாள்தோறும் ஏழைகளுக்குப் பங்கீடு செய்து வந்தது. அங்கே இரு பகுதியினர் இருந்தனர். ஒரு பகுதியினர் உள்ளூர் மொழி பேசிய யூதர். மற்றவர்கள் கிரேக்க மொழி பேசிய யூதர். வெளி நாடுகளில் வாழ்ந்து வந்து சேர்ந்தவர்கள் அவர்களிற் பலர். பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படுவதில்லை என்று இவர்கள் முறுமுறுத்தார்கள்.

திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? "நன்றி கெட்டவர்கள்" என்று ஏசவில்லை. "யார் இதைக் கிளப்பியது?" என்று துருவவில்லை. "நாங்கள் இயேசுவோடு கூட இருந்தவர்கள், எங்களையா குறை சொல்கிறீர்கள்?" என்றும் கேட்கவில்லை. சீடர்கள் எல்லோரையும் கூட்டினார்கள். இந்த வேலையையும் சேர்த்துத் தங்களால் செய்ய இயலாது என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிவு செய்யும் பொறுப்பைச் சபையிடமே கொடுத்தார்கள்.

தெரிவான எழுவரின் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பகுதியினருடைய பெயர்கள்! யாருக்குக் குறை இருந்ததோ அவர்கள் பக்கத்தவர் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. சபை இதனால் உடையவில்லை. மேலும் பெருகியது என்றே அந்நூல் கூறுகிறது. முணுமுணுப்பை அடக்கியிருந்தால் அது பிரிவினையாய் முடிந்திருக்கும். கேட்டபடியால் அது ஒரு புதிய பணியாக மலர்ந்தது.

சொன்னார்கள், கேட்கவில்லை

சொல்பவர் இருந்தும் கேட்பவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு துயரம் சாட்சி. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி 'சலஞ்சர்' என்ற விண்வெளி ஓடம் புறப்பட்டு 73 விநாடிகளில் வானில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பாடசாலை ஆசிரியை.

காரணம் ஒரு றப்பர் வளையம். உந்துகணையின் பொருத்துகளை அடைத்திருந்த அவ்வளையம் குளிரில் விறைத்துப் போகும். முதல்நாள் இரவே, உந்துகணையைச் செய்த கம்பனியின் பொறியியலாளர்கள், "இந்தக் குளிரில் விட வேண்டாம்" என்று வாதாடினார்கள். ஏவும் நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஏற்கெனவே பல தடவை பின்போடப்பட்ட பயணம் அது. கம்பனியின் மேலாளர்கள் தனியே கூடிக் கதைத்துத் தம் பொறியியலாளர்களின் சொல்லைப் புறந்தள்ளி, ஏவலாம் என்று அறிவித்தனர். பின்னர் நடந்த விசாரணையில் றிச்சட் பெயின்மன் என்ற விஞ்ஞானி அந்த றப்பரின் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது விறைப்பதை எல்லோருக்கும் காட்டினார். ஒரு குவளை தண்ணீரில் காட்டக்கூடிய உண்மை அது! பெரிய படிப்பும் பெரும் பணமும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், ஈர நெல்லைக் கண்ட அம்மாவின் சொல் எடுபடாமல் போவது புதுமையல்ல.

கயிற்றை இழுக்கலாம்

இதற்கு மாறான பாதையும் உண்டு. யப்பானில் 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சக்கிச்சி ரொயோடா. தறிகளைத் திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1924இல் அவர் உருவாக்கிய தறிக்கு ஒரு சிறப்பு இருந்தது. ஒரு நூல் அறுந்தாலும் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி முழம் முழமாக நெய்யப்படுவதிலும், தறி சிறிது நேரம் நிற்பது நல்லது என்பதே அதன் தத்துவம். அவருடைய மகன் 1937இல் மோட்டார் வாகனக் கம்பனியைத் தொடங்கினார். அதுவே நாம் அறிந்த ரொயோட்டா.

பிற்காலத்தில் அக்கம்பனி அதே தத்துவத்தை மனிதருக்கும் பொருத்தியது. வாகனங்கள் வரிசையாக நகர்ந்து பூட்டப்படும் இடத்தில், தொழிலாளரின் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். பிழை ஒன்றைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், ஏசுவதற்கல்ல, உதவுவதற்கு. பிழையை அங்கேயே திருத்த முடியாவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும்.

"யப்பானியருக்கு அது சரி, எங்களுக்குச் சரிவருமா?" என்று கேட்கலாம். அமெரிக்காவிலும் அப்படித்தான் கேட்டார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் பிறீமொன்ற் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனிக்கு ஒரு வாகன ஆலை இருந்தது. மேலாளரும் தொழிலாளரும் கீரியும் பாம்பும் போல இருந்தனர். வேலைக்கு வராமல் விடுவோர் பலர். வேண்டுமென்றே வாகனத்தைப் பழுதாக்குவோரும் இருந்தனர். 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டோர்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டோரிற் பெரும்பாலானோர் பழைய தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் அதே தொழிற்சங்கமே. அவர்களிற் பலர் யப்பானுக்கு அனுப்பிப் பழக்கப்பட்டனர்.

சில ஆண்டுகளிலேயே அங்கு செய்த வாகனங்கள் யப்பானில் செய்தவற்றுக்கு ஏறத்தாழச் சமமான தரம் பெற்றன. வேலைக்கு வராமல் விடுவதும் வெகுவாகக் குறைந்தது. மனிதர்கள் மாறவில்லை, அவர்களை நடத்திய விதம் மாறியது. இதில் கயிற்றைவிட முக்கியமான ஒன்று இருந்தது. நெருக்கடி வந்தாலும் ஆட்களை நிறுத்துவது கடைசி வழியாகவே இருக்கும் என்று தொழிற்சங்கத்துடன் எழுத்தில் உடன்படிக்கை செய்யப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை விழுந்தபோதும் ஆட்கள் நிறுத்தப்படவில்லை. தன் சோறு பறிபோகாது என்று கண்ணால் கண்ட பின்புதான் மனிதன் பயமின்றிக் கயிற்றை இழுப்பான்.

அந்த ஆலை 2010இல் மூடப்பட்டது. பங்காளியான ஜெனரல் மோட்டோர்ஸ் 2009இல் வங்குரோத்தாகி விலகியது அதற்கு முக்கிய காரணமாயிற்று. அதே ஜெனரல் மோட்டோர்ஸ் தன்னுடைய வேறு ஆலைகளில் இம்முறையைப் புகுத்த முயன்றபோது அது இலகுவில் வேரூன்றவில்லை. கயிறு கட்டுவது சுலபம். அதை இழுத்தவரை முறைக்காமல் இருப்பதே கடினம்.

எமது சங்கத்தில் எப்படித் தொடங்குவது?

பணச் செலவின்றிச் செய்யக் கூடியவை சில:

1. தலைவர் முதலில் தன் பிழையைச் சொல்லட்டும். "சென்ற மாதம் நான் அவசரப்பட்டு வாங்கிய சாக்குகள் தரமில்லாதவை. அது என்னுடைய பிழை" என்று தலைவர் கூட்டத்தில் சொன்னால், மற்றவர்களின் வாய்ப்பூட்டு பாதி கழன்றுவிடும்.

2. கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். "ஏதும் குறை இருக்குதோ?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றே பதில் வரும். "இந்தக் கிழமை எந்த வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டி வந்தது?", "எது வீணாகப் போனது?" என்று கேளுங்கள்.

3. முதற் பதிலில் கவனமாயிருங்கள். ஒருவர் குறை சொன்னதும் நியாயம் கற்பிக்கத் தொடங்க வேண்டாம். "சொன்னது நல்லது, எழுதிக் கொள்கிறேன்" என்று சொல்லி எழுதுங்கள். ஒருவரை ஒரு தடவை அவமதித்தால், பார்த்து நின்ற பத்துப் பேரின் வாயும் மூடிக் கொள்ளும்.

4. சொல்வதற்குப் பல வாசல்கள் வேண்டும். பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசுவோர் சிலரே. ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களாக இருந்து கதைக்கலாம். பெண்கள் தனியாகக் கூடி, தமக்குள் ஒருவரைப் பேச்சாளராகத் தெரிவு செய்யலாம். பெட்டி வைப்பதும் ஒரு வழி. ஆனால் சிறிய இடத்தில் கையெழுத்தை எல்லோரும் அறிவர். எழுத முடியாதவர்களும் இருப்பர். ஆகையால் பெட்டியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வைத்தாலும் திறப்பு முகாமையாளரிடம் இருக்கலாகாது. உறுப்பினர் இருவர் முன்னிலையில் திறக்கப்பட வேண்டும்.

5. நாள் குறித்துப் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் மூன்றில் ஒரு பதில் கிடைக்க வேண்டும்: "செய்துவிட்டோம்", "இன்ன திகதிக்குள் செய்வோம்", "இன்ன காரணத்தால் செய்ய முடியாது." இதைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். "முடியாது" என்பதும் ஒரு மரியாதையான பதிலே. பதில் இல்லாமையே அவமரியாதை.

6. கணக்கைத் திறந்து வையுங்கள். வரவு செலவு தெரியாதவர் ஊகத்தில்தான் பேசுவார். மாதக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் வதந்தி குறையும். உண்மையான கேள்வி கூடும்.

7. பாதுகாப்பை எழுத்தில் தாருங்கள். "நேர்மையாகக் கருத்துச் சொன்னதற்காக எவருடைய வேலையும் நிறுத்தப்படாது, எவருடைய பெயரும் பட்டியலிலிருந்து வெட்டப்படாது" என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கூட்டுறவு இயக்கத்தின் அடிப்படையே இதுதான். 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து சிறு கடை ஒன்றைத் திறந்தார்கள். பணம் எவ்வளவு போட்டிருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அவ்வியக்கத்தின் விதியாயிற்று. இலங்கையிலும் 1911ஆம் ஆண்டுச் சட்டத்துடன் கூட்டுறவுச் சங்கங்கள் சட்ட அங்கீகாரம் பெற்றன. வாக்கு இருக்கிற இடத்தில் வாய்க்கும் இடம் இருக்க வேண்டும்.

சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு

கேட்பவர் கடமையைச் சொன்னோம். சொல்பவரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "அவன் கள்ளன்" என்பது பழி. "செவ்வாய்க்கிழமை பத்து மூடை உள்ளே வந்தது, புத்தகத்தில் ஒன்பதுதான் பதிந்திருக்கிறது" என்பது தகவல். யாரால் திருத்த முடியுமோ அவரிடமே முதலில் சொல்லுங்கள். தேநீர்க் கடையில் சொல்வது கோள். கூட்டத்தில் சொல்வது கருத்து. தனியே சொல்லப் பயமானால் இன்னொருவரைக் கூட்டிச் செல்லுங்கள். முடிந்தால், என்ன செய்யலாம் என்ற யோசனையையும் கூடச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லா விடயமும் இவ்வழியால் தீர்பவை அல்ல. பணக் கையாடல், பெண்களுக்கு எதிரான தொந்தரவு, சிறுவரை வேலைக்கு அமர்த்துதல் என்பன கூட்டத்தில் பேசி அமர்த்தும் காரியங்கள் அல்ல. தயங்காமல் பொலிசுக்கோ, பிரதேச செயலகத்துக்கோ, கூட்டுறவுச் சங்கமாயின் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ அறிவிக்க வேண்டியவை அவை.

உதவி தருபவர்களிடமும்

கடைசியாக எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதவி நிறுவனத்தின் வாகனம் வந்து நின்று, "திட்டம் எப்படி?" என்று கேட்டால், "எல்லாம் நல்லது ஐயா" என்கிறோம். உண்மையைச் சொன்னால் அடுத்த உதவி வராது என்ற பயம். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் எமது கரையோரங்களில், பொருத்தமற்ற வள்ளங்களும் தேவைக்கு மேலான வள்ளங்களும் கொடுக்கப்பட்டதைப் பின்னர் வந்த மதிப்பீடுகள் எடுத்துக் காட்டின. கடலை அறிந்தவரிடம் யாராவது முதலில் பொறுமையாகக் கேட்டிருந்தால், அப்பணம் வேறு வீடுகளில் அடுப்பெரித்திருக்கும்.

திருச்சபையின் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. சுவாமியிடமோ சகோதரியிடமோ குறை சொல்வது பாவம் என்று நினைப்பவர் எம்மிடையே உண்டு. திருத்தூதர்களிடமே சொல்லலாம் என்றால், எம்மிடம் தாராளமாகச் சொல்லலாம். கண்டித்துச் சொல்வார் இல்லாத அரசன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. அரசனுக்குச் சொன்னது ஆலைக்கும் பொருந்தும், ஆலயத்துக்கும் பொருந்தும்.

காணியை, வீட்டை, கிணற்றை, மாட்டை இழந்தோம். நெல்லைக் கடித்துப் பார்த்து ஈரத்தைச் சொல்லும் அறிவை எவராலும் எம்மிடமிருந்து பறிக்க முடியவில்லை. அந்த அம்மா அடுத்த தடவை "தம்பி" என்று அழைக்கும்போது, திரும்பிப் பார்த்து "சொல்லுங்கோ அக்கா" என்று நிற்போமானால், எமது ஆலை நிலைக்கும்.

குழுவாகக் கலந்துரையாட:

- எமது சங்கத்தில் கடந்த ஆண்டு ஏற்பட்ட நட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது நடக்கும் முன்பே அறிந்திருந்தவர் யார்? அவர் ஏன் சொல்லவில்லை?
- எமது கூட்டங்களில் ஒருபோதும் பேசாதவர்கள் யார்? அவர்கள் பேசுவதற்கு எந்த வாசலைத் திறக்கலாம்?
- அடுத்த கூட்டத்துக்குள் நாம் செய்யக்கூடிய ஒரு மாற்றம் எது? அதற்குப் பொறுப்பு யார்?